தண்ணீர் தெளிக்காத காலை

ஐந்தரை மணிக்கு மேல் என் கை படுக்கையில் கிடக்காது. நான் கிடப்பேன், கை கிடக்காது. போன ஜூன் மாதம் பூங்காவில் எனக்குச் சால்வை போர்த்தி, மாலை போட்டு, சவரிநாயகம் இனிமேல் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் என்று மைக்கில் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அதைக் காது கேட்டது, கை கேட்கவில்லை. முப்பத்துநான்கு வருஷம் செய்த வேலை அப்படி. டிசம்பர் பிறந்தால் சாயங்காலம் மிலார் என்கிற காட்டுச்செடியின் கொப்புகளை வெட்டிவந்து பூச்செடிகளை மூட வேண்டும், விடியற்காலையில் புல்வெளியில் விழுந்து கிடக்கும் உறைபனியைத் தண்ணீர் அடித்துக் கரைக்க வேண்டும். வெயில் படுவதற்கு முன்னால் கரைக்க வேண்டும், அதுதான் முக்கியம். பனி ஏறிய இலையில் வெயில் பட்டால் பத்து மணிக்குள் அது கருகிப் போகும் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள், நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்தேன். சூரியனுக்கு முன்னால் போய்ச் சேருகிற உத்தியோகம் என்று என் வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். இன்றைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால், மேட்டில், காட்டுமாடும் குரங்கும் வராமல் கம்பிவலை அடித்த இந்தச் சின்ன இடத்தில், தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பலகைகளில் முப்பத்தெட்டுச் சட்டிகள். எல்லாவற்றின்மேலும் பனி. என் வலதுபக்கம் தண்ணீர் டிரம், அதன்மேல் பூவாளி. நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. எதையும் செய்யக்கூடாது.

செய்யாதே என்று சொன்னது என் மருமகள் ரெஜினா. சட்டிகள் அவளுடையவை. செம்பர்விவம் என்று அவள் பெயர் சொல்வாள், என் வாயில் அது நுழையாது, நான் கல்ரோஜா என்பேன். ரோஜாப்பூவைக் கல்லில் செதுக்கிவைத்தது மாதிரி இலைக்குள் இலையாக அடுக்கி, தரையோடு தரையாகக் கிடக்கும். வெயில் காலத்தில் பச்சை. குளிர் வரவரத் தன்னை இறுக்கிக்கொண்டு, நிறம் மாறி, இப்போது பார்த்தால் காய்ந்த ரத்தத்தின் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரு மூடிய பிடி. சுற்றிலும் சுண்டைக்காய் அளவில் குஞ்சுகள், தாயின் காலடியில் ஒட்டிக்கொண்டு. அதுகளும் மூடிக்கொண்டுதான் கிடக்கின்றன. எங்கோ வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து தபாலில் பஞ்சு சுற்றி வந்த செடி. ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதைத் தெரியாது, கமுதிக்குப் பக்கத்தில் கருவேல முள்ளுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்குத் தெரிகிறது. கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள். இவள் எங்கே இந்த ஊரில் நிலைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் அவளிடம் கேட்டேன், ஏம்மா, உங்க ஊர்ல பனியே கெடையாதே, இதுக்குத் தண்ணி வேண்டாம்னு உனக்கு எப்படித் தெரியும்? அவள் சட்டியில் கூழாங்கல்லைப் பரப்பிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்க பனியப் பாத்தவுக. நான் வறட்சியப் பாத்தவ மாமா. மண்ணு ஒறைஞ்சு போச்சுன்னா வேருக்குத் தண்ணி ஏது? செடிக்கு ரெண்டும் ஒண்ணுதான். வறட்சியத் தாங்குறது பனியையும் தாங்கும்." முப்பத்துநான்கு வருஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டு செடி தாகத்தில் சாகும் என்பது ஊட்டிக்காரன் மூளையில் உதிக்கிற யோசனையா என்ன?

அவள் சொன்னதை அன்றே நம்பியிருந்தால் இன்றைக்கு இந்தப் பெட்டிமேல் இப்படிக் கையைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நம்பவில்லை. சின்னப் பெண், ஆர்வத்தில் பேசுகிறாள், பனியைப் பற்றி எனக்கா தெரியாது என்று நினைத்தேன். போன வருஷம் இதே ஜனவரி. பூங்காவில் எனக்குக் கடைசிப் பனிக்காலம் அது. வேலைக்குக் கிளம்பும்முன் ஐந்து மணிக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, அவளுக்குத் தெரியாமல், ஆமாம், அவளுக்கு ஒரு உபகாரமாக, மருமகள் எழுந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று, நாற்பத்தொரு தட்டுச் செடிக்கும் பூவாளியில் தெளித்தேன். சாயங்காலம் பூங்காவிலிருந்து மிச்ச மிலார் கொண்டுவந்து மூடினேன். அது மட்டும் அவளுக்குத் தெரியும். வேண்டாம் மாமா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, பெரியவர் மனம் நோகக்கூடாது என்று விட்டுவிட்டாள். மூன்று வாரம். செடிகள் கொழுத்து, பச்சை பிடித்து, இலை விரித்து நின்றன. பார்த்தாயா, நம் கைராசி என்று நினைத்தேன். பெப்ரவரி முதல் ஞாயிறு, பூசைக்குப் போய்வந்து அவள் ஒரு இலையைத் தொட்டாள். அவித்த வெங்காயத்தின் தோல் உரிகிற மாதிரி கையோடு வந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும் வந்தது. நடுவில் கிண்ணம் மாதிரி இருக்கிற இடத்தில் என் தண்ணீர் தேங்கி, உறைந்து, இளகி, மறுபடி உறைந்து, உள்ளேயே அழுகியிருக்கிறது. நாற்பத்தொரு தட்டும். அவள் கத்தவில்லை. கடைசித் தட்டுவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெனமும் ஊத்துனீகளா மாமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என் மகன் எட்வின்தான் கத்தினான். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோறு வடித்தாள். அந்தச் சோற்றை நான் எப்படித் தின்றேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

செம்பர்விவம் என்ற அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எப்போதும் உயிரோடிருப்பது என்று அர்த்தமாம். நல்ல அர்த்தம். பார்த்துப் பார்த்து வைத்தவர்கள் வாயில் நான் மண்ணைப் போட்டேன். ஆனால் மார்ச் மாதம் ஒரு நாள் அவள் இந்தச் சுவருக்குப் பின்னால் குப்பை கொட்டப் போனவள், போனவள்தான், வரவே இல்லை. எட்டிப் பார்த்தால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். எப்போதோ உடைந்து எறிந்த ஒரு சட்டித் துண்டில், ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில், ஒரே ஒரு குஞ்சு. வேர் பாதி வெளியே. குளிர்காலம் முழுக்க யாரும் பார்க்காமல், மூடாமல், தெளிக்காமல் பனியிலும் வெயிலிலும் கிடந்திருக்கிறது. கல் மாதிரி உறுதியாக, சிவப்பாக, உயிரோடு. நான் கவனிக்காததால் பிழைத்தது அது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிப் பார்க்கலாம், ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கோ குத்தும். என் கை பட்ட நாற்பத்தொன்றும் செத்தன, என் கை படாத ஒன்று பிழைத்தது. இப்போது எதிரே இருக்கிற முப்பத்தெட்டுச் சட்டியும் அந்த ஒன்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வேறே எங்கும் கிடையாது. இவை போனால் போனதுதான்.

அப்படிப்பட்டதை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவள் அம்மாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷன், நாலு நாள் கூட இருக்க வேண்டும். எட்வினும் லீவு போட்டுக் கூடப் போகிறான். கிளம்புகிற அன்று நான் குளியலறையில் இருந்தேன். இந்த வீட்டில் குளியலறையில் இருந்தால் ஊர்க் கதையெல்லாம் கேட்கும். "வலைக்கதவப் பூட்டிச் சாவிய எடுத்து உன் பையில போடு. அப்பா கைய நம்ப முடியாது" என்றான் என் மகன். அவன் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாத பேச்சுத்தான் அதிகம் வலிக்கும், தப்பான பேச்சுக்குப் பதிலாவது சொல்லலாம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல், சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி, எடுத்துக்கொண்டு போகப் போகிறாள், அதுதான் நியாயம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் பையை ஏற்றிவிட்டு நான் இறங்கும்போது, சன்னல் வழியாகக் கையை நீட்டி, சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கை சூடாக இருந்தது. "பனி கூடுனா போயிப் பாருங்க மாமா. பாத்தா போதும். தொடாதீக." எட்வின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் போன பிறகு அந்தச் சாவியை நான் எந்தப் பையில் போடுவது என்று தெரியாமல், வீடுவரை கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். சோதிக்கிறாளா? சோதிக்கிற பெண் இல்லை அவள். அப்படியானால் என்ன நினைத்துக் கொடுத்தாள்? மூன்று நாளாக இந்த ஒரு கேள்வியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

முதல் மூன்று நாள் பனி லேசு. வந்தேன், பார்த்தேன், போனேன். இன்றைக்குத்தான் வந்து இறங்கியிருக்கிறது. ரெஜினா மாட்டிவைத்திருக்கிற தெர்மாமீட்டர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு கோடு. நாங்கள் இருக்கிற காந்தல் ஊட்டியிலேயே பள்ளமான இடம், குளிர்காற்றெல்லாம் இங்கேதான் வந்து படுக்கும். தரையில் நடந்தால் நொறுங்குகிறது. டிரம்மில் தண்ணீரின்மேல் கண்ணாடி ஏடு. சட்டிகளைக் குனிந்து பார்க்கிறேன். ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் வெள்ளை முள், அதிலிருந்து இன்னும் சின்ன முள், அந்த நுனியிலும் ஒன்று, எவ்வளவு நேரம் எடுத்து யார் செய்தது இதை? என் மூச்சுப் பட்டதும் ஒரு கொத்து கரைந்து போகிறது. சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். மூச்சும் விடக்கூடாது போலிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஒரு கூத்து செய்தேன். அவள் சொல்லியிருந்தாள், குளிர் வந்தால் இந்தச் செடி தன் உள்ளே இருக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, சர்க்கரையைக் கெட்டியாக்கிக்கொள்ளுமாம், அதனால் உள்ளே ஐஸ் பிடிக்காதாம். பாகு மாதிரி மாமா என்றாள். படித்தவர்கள் என்னவோ சொல்வார்கள் என்று தோன்றியது. வீட்டுக்காரி அமலோற்பவம் பார்க்காத நேரத்தில் வெல்லத்தைக் கரைத்து, கெட்டியாகக் காய்ச்சி, ஒரு டம்ளரில் ஊற்றினேன். இன்னொரு டம்ளரில் பச்சைத் தண்ணீர். இரண்டையும் இந்தச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். இப்போது எடுத்துப் பார்க்கிறேன். தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தால் விழவில்லை, அடிவரை இறுகியிருக்கிறது. பாகு டம்ளரைச் சாய்த்தேன். மெதுவாக, சோம்பலாக, நகர்ந்தது. உறையவில்லை. அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வாய் இல்லை, கண் இல்லை, மூளை என்று ஒரு வஸ்து இல்லை, ஆனால் மார்கழிக்கு முன்னாலேயே தண்ணீர்தான் தனக்கு எமன் என்று தெரிந்து, சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, இருக்கிறதைப் பாகாக்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே. ஆண்டவரே, இதற்கா நான் தண்ணீர் ஊற்றினேன்.

தெரிந்தது சரி. நம்புவது வேறு. டம்ளர் டம்ளர்தான், செடி செடிதான். வெயில் வரப் போகிறதே, அதற்கு டம்ளர் என்ன சொல்லும்? எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. சைக்கிள் செயின் கழன்று இருபது நிமிஷம் தாமதம். டேலியாப் பாத்தி ஒன்று என் பொறுப்பு. நான் போகும்போது வெயில் அதன்மேல் விழுந்துவிட்டது. ஓடி ஓடி அடித்தேன், பிரயோஜனமில்லை. இலைகள் முதலில் கண்ணாடியாகின, பிறகு ஈரத்துணி மாதிரி தொங்கின, பத்தரைக்குக் கறுப்பு. சூப்பர்வைசர் ஒன்றும் திட்டவில்லை, அந்தக் கறுப்பு இலையில் ஒன்றைக் கிள்ளி என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் எடுத்துப் போடுவதற்கு இரண்டு நாளானது. அன்றிலிருந்து ஒரு காலைகூடத் தாமதமில்லை, காய்ச்சலிலும் இல்லை, எட்வின் பிறந்த அன்றும் இல்லை. அப்படிப் பழகிய உடம்பு இது. மணி ஏழாகப் போகிறது, எதிர்மலை உச்சியில் மஞ்சள் தெரிகிறது, சவரிநாயகம், எழுந்திரு, எழுந்திரு என்று தோள்பட்டை சொல்கிறது. அவள் கமுதிக்காரி, வறட்சியைப் பார்த்திருக்கிறாள், பனியும் வெயிலும் சேர்ந்து என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறாளா? பார்க்கவில்லை என்றால்? நான் சும்மா இருந்து, அதனால் இவை போனால்? அப்போது அவளிடம் என்ன சொல்வேன்? நீ சொன்னபடிதான் இருந்தேன் என்றா? அது என்ன பதில், தப்பித்துக்கொள்கிறவன் பதில்.

"என்ன சவரியண்ணே, சிலை மாதிரி உக்காந்துட்டீங்க?" பக்கத்து மேட்டில் போஜன். அவன் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறான், கையில் ஓஸ் பைப் ஆவி விடுகிறது. பூங்காவில் எனக்குக் கீழே பத்து வருஷம் இருந்தவன், நான் சொல்லித்தந்த மாதிரியே நுனியில் கட்டைவிரலை வைத்துத் தூவுகிறான். மருமக தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாப்பா என்றேன். சிரித்தான். "பனிக்கு நீங்கதான் எங்களுக்கு வாத்தியாரு. உங்களுக்கு ராமநாதபுரத்துப் பொண்ணு வாத்தியாரா? இன்னும் கால்மணிதான் இருக்கு, வெயிலு போஸ்ட் கம்பத்துக்கு வந்துட்டுது. ஓஸை அப்படியே வேலிமேல நீட்டட்டுமா? ஒரு நிமிசத்து வேலை." நீட்டியும் விட்டான். வலைக்கு மேலே அந்தப் பச்சை ஓஸ் வந்து, தண்ணீர் ஒரு சரமாக இந்தப் பக்கம் தரையில் விழுந்தது. நல்ல மனசில்தான் செய்கிறான். போன வருஷம் நானும் நல்ல மனசில்தான் செய்தேன். வாயைத் திறந்தேன், சரி என்று வரப்போகிறதா வேண்டாம் என்று வரப்போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. "எடுத்துருப்பா" என்று வந்தது. இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசி வருஷக்கணக்காகிறது. போஜன் முகம் சுருங்கிவிட்டது. ஓஸை இழுத்துக்கொண்டான். "உங்க நல்லதுக்குச் சொன்னேன். அப்புறம் கருகிப் போச்சுன்னு சொல்லக்கூடாது, ஆமா" என்று முனகிக்கொண்டே கோஸ் பாத்திக்குத் திரும்பினான்.

அவன் போனதும்தான் பயம் முழுசாக வந்தது. எழுந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. டிரம்மின் ஏட்டை விரலால் உடைத்தது தெரியும், பூவாளி முக்கால்வாசி நிறைந்தது தெரியும், அதன் கனம் மணிக்கட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியதே, அது நன்றாகத் தெரியும். வெயில் இப்போது போஸ்ட் கம்பத்திலிருந்து தகரக் கூரைகளுக்கு இறங்கி, போஜன் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. முதல் சட்டிக்கு மேலே பூவாளியைத் தூக்கினேன். சாய்த்தால் போதும். சாய்க்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, அவள் சொல்வது சரி என்று தெளிந்துவிட்டதாலும் இல்லை, அந்த நிமிஷம்வரை அவள் சொன்னது தப்பு என்றுதான் பாதி மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கை சூடாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. தப்பாகவே இருந்தாலும் அது அவளுடைய தப்பாக இருக்கட்டும், அவளுடைய செடி, அவளுடைய பேச்சு, அதைத் திருத்துகிற உரிமையை எனக்கு யார் கொடுத்தது? பூவாளியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, சாய்க்கவும் முடியவில்லை. தோள் வலித்தது. அமலோற்பவம் பின்கதவைத் திறந்து, "ஏசுவே, பனியில நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். பேசாதே என்று இடதுகையால் காட்டினேன். என்னைப் பார்த்தாள், பூவாளியைப் பார்த்தாள், என்ன புரிந்ததோ, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அப்போதுதான் வெயில் வலையைத் தாண்டி உள்ளே வந்தது.

முப்பத்துநான்கு வருஷம் பனிக்காலக் காலை ஒன்றுவிடாமல் வெளியே இருந்தவன் நான். பனியின்மேல் வெயில் விழுந்து பார்த்ததே இல்லை. அந்த டேலியாக் காலையில்கூட ஓடினேனே தவிர பார்க்கவில்லை. வெயில் வருவதற்குள் அழித்துவிடுவதற்காகத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றைக்குப் பார்த்தேன். முதல் பலகையின் ஓரச் சட்டியில் ஒரு முள் பற்றிக்கொண்டது. அதற்கு அடுத்தது. பிறகு சட்டி முழுக்க. பிறகு பலகை முழுக்க. வெள்ளை என்று நான் நினைத்திருந்ததற்குள் நீலமும் ஆரஞ்சும் பச்சையும் இருந்திருக்கின்றன, நான் தலையை ஒரு விரல்கடை அசைத்தால் எல்லாம் இடம் மாறின, திரும்ப அசைத்தால் திரும்ப மாறின. அந்த ஒளிக்குள்ளே இருந்து சிவப்பு மேலே வந்தது, கறுத்துக் கிடந்த காய்ந்த ரத்தமில்லை, உயிருள்ள சிவப்பு, குழந்தையின் நாக்கு மாதிரி. முள்ளெல்லாம் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. தண்ணீராகி, இலையில் ஒட்டாமல், உருண்டு, கூழாங்கல்லுக்கு இடையில் இறங்கிப் போயின. சட்டிகளின்மேல் ஆவி எழும்பியது, முப்பத்தெட்டுச் சட்டியும் மூச்சுவிட்டன. யாரும் ஒன்றும் செய்யவில்லை. நான் செய்யவில்லை, ரெஜினா இங்கே இல்லை, அது பாட்டுக்கு நடந்தது. எத்தனை ஆயிரம் காலை இப்படி நடந்திருக்கும், எத்தனையை நான் தண்ணீர் ஊற்றி அணைத்தேன்? எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பூவாளி எப்போதோ கீழே இறங்கியிருந்தது. மண்டியிட்டு, ஒவ்வொரு சட்டியாக, மூக்கு படாத தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடியாகிறதா? இல்லை. தொங்குகிறதா? இல்லை. அரைமணி நேரம் போயிருக்கும், இரண்டாவது சுற்றும் பார்த்தேன். முப்பத்தெட்டும் கல்லாக இருந்தன. போஜன் வேலிக்கு அந்தப் பக்கம் ஓஸை மறந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அவன் காலடியில் தண்ணீர் குளமாகிவிட்டது.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. ரெஜினாதான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ யார் பெயரையோ கூப்பிடுகிறார்கள். "மாமா, நல்ல பனியாமே, டிவியில சொன்னாக. நீங்க ஸ்வெட்டர் போட்டுருக்கீகளா?" போட்டிருக்கிறேன் என்றேன். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, நன்றாகத் தெரிகிறதாம், என் சேலை நிறத்தைச் சரியாகச் சொல்லிருச்சு மாமா என்று சிரித்தாள். செடியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று காத்திருந்து பார்த்தேன், கேட்கவே இல்லை. அப்புறம் நானே சொன்னேன். மைனஸ் ரெண்டும்மா. எல்லாம் நல்லாருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், நான் பூவாளிய ரொப்பிட்டேன், தூக்கியும் புடிச்சுட்டேன், ஊத்தல, சத்தியமா ஊத்தல, ஆனா தூக்கிட்டேன். அவள் பதிலுக்குக் காத்திராமல் மேலே மேலே பேசினேன். ஏம்மா, போகும்போது ஒரு நாலு குஞ்சையாச்சும் பிச்சு ஒரு டப்பாவுல கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாமில்ல? என்னை மாதிரி ஆளுகிட்ட இருந்த எல்லாத்தையும் விட்டுட்டுப் போவாங்களா? நான் ஏதாச்சும் செஞ்சு தொலைச்சிருந்தா உன்கிட்ட ஒரு வித்துக்கூட மிஞ்சியிருக்காதே? அவள் நிஜமாகவே யோசித்தாள். நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை, அது அவள் குரலிலேயே தெரிந்தது.

"நீங்கதான் அங்க இருக்கீகளே மாமா, நான் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?" என்றாள்.